நிலமும் நானும்: ஈழத்துக் கவிதையில் இயற்கை

(வானொலி இலக்கியத் தொடர் உரையின் எழுத்து வடிவம்)



“இயற்கைக் கவிதை என்றால் என்ன?” என்று உயர்தர வகுப்பு மாணவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். மலை, கடல், மழை, நிலவு ஆகியவற்றைக் கவிஞர் அழகுற வருணிப்பது இயற்கைக் கவிதை என்பர். விடைத்தாளிலே இதற்குப் புள்ளியும் கிடைக்கும். ஆயினும் இந்த விடை கவிதையைப் படிக்கத் தொடங்கும் இடத்திலேயே படிப்பை நிறுத்திவிடுகின்றது. கவிஞர் பனையை வருணித்தார் என்று எழுதிய பிள்ளை, அந்தப் பனையின் முன்னே நின்று பேசுகின்றவர் யார் என்று கேட்பதில்லை. அவர் ஏன் அன்று அந்த மரத்தைப் பார்த்தார் என்றும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியையே இன்றைய உரையின் பொருளாகக் கொள்ளலாம் என எண்ணுகின்றேன். இயற்கையைப் பாடும்போது கவிஞன் தன்னையும் பாடுகின்றானா? அப்படியாயின் அந்த ‘நான்’ எத்தகையது? நிலம் பறிபோனால் அந்த ‘நான்’ என்னவாகும்? எமது மண்ணிலே இவை வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

முதலில் பழைய மரபைச் சிறிது நோக்குவோம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அந்நிலத்திலே தோன்றும் மரம், விலங்கு, பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. மனித உணர்வை உரிப்பொருள் என்றது. இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே திணை. ஆகவே சங்கப் புலவனுக்குக் காடும் கடலும் கதை நடக்கும் இடங்களாக மட்டும் இருக்கவில்லை. சொல்ல முடியாத உணர்வைச் சொல்வதற்குரிய மொழியாகவும் அவை இருந்தன.

ஈழம் என்ற அடைமொழியோடு சங்கத் தொகைகளிலே காணப்படும் புலவர் பூதன்தேவனார். அவர் பெயரால் அகநானூற்றில் மூன்று, குறுந்தொகையில் மூன்று, நற்றிணையில் ஒன்று என ஏழு பாடல்கள் உள்ளன. நற்றிணைப் பாடலிலே ஒரு காட்சி வருகின்றது. அறிவுள்ள சிறு குருவி முயன்று கட்டிய கூட்டை, மூங்கிற் கழையிலே தொங்கி ஆடும்படி வடக்கிலிருந்து வரும் வாடைக் காற்று மோதுகின்றது. இத்தகைய பருவத்திலும் வீட்டை விட்டுப் பிரிகின்றவர்களை என்ன சொல்வது என்பது பாட்டின் கருத்து. கூடு என்பது வீடு. காற்று என்பது பிரிவு. இதைப் புலவர் உடைத்துச் சொல்லவில்லை. காற்றும் கூடும் சொல்லிவிடுகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகப்பாடலிலே பேசுகின்றவருக்குப் பெயர் இல்லை. தனியொருவரின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது அகத்திணை விதி. தலைவன், தலைவி, தோழி என்ற பொதுமையான மாந்தரே பேசுகின்றனர். எனவே அங்கே வரும் ‘நான்’ எல்லோருக்கும் பொருந்தும் ‘நான்’. ஓர் ஊரிலே, ஓர் ஒழுங்கையிலே, ஒரு சாதியிலே, ஒரு காலத்திலே பிறந்த தனி மனிதனின் ‘நான்’ தமிழ்க் கவிதையில் முன்னுக்கு வருவதற்கு நெடுங்காலம் சென்றது. பத்தி இயக்கத்திலே இறைவனை நோக்கி அந்தக் குரல் எழுந்தது. இயற்கையை நோக்கியும் சமூகத்தை நோக்கியும் அதனைத் திருப்பியவன் பாரதி. பறவையையும் கடலையும் உறவாக்கிக்கொண்டு, அதே மூச்சில் தன்னையும் நாட்டையும் பற்றிப் பேச முடியும் என்று அவன் காட்டினான். ஆங்கிலக் கவிஞர் வேட்ஸ்வேர்த் தம் மனம் வளர்ந்த கதையையே ஒரு நெடுங்கவிதையாக எழுதினார். அவர் மறைந்த 1850ஆம் ஆண்டிலேயே அது நூலாக வெளிவந்தது. மலையும் ஏரியும் அவரை வளர்த்த ஆசிரியர்களாக அக்கவிதையிலே வருகின்றன.

எமது குடாநாட்டில் மலையும் இல்லை, ஏரியும் இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. மாரியிலே மட்டும் உயிர்பெறும் வழுக்கையாறு ஒன்றுண்டு. மற்றப்படி சுண்ணக்கல்லின் மேலே மெல்லிய செம்மண். கல்லின் அடியிலே மழை விட்டுச்சென்ற நன்னீர். அதனைச் சூழ உப்புநீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். அதனால் எமது விவசாயி தண்ணீரை எண்ணி வாழ்ந்தவன். காற்றுக்கும் நாம் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று பெயர் வைத்திருக்கின்றோம். சங்கப் புலவரின் ‘வாடை’ இன்றும் கடற்கரையிலே தொழில் செய்பவரின் நாவிலே உயிரோடு இருப்பது எத்துணை வியப்பு!

இந்த நிலத்தை எளிய தமிழிலே பாட்டாக்கியவர்களுள் முன்னிற்பவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). பனையின் சிறப்பையும் பயனையும் பாடுவதற்கென்றே அவர் ‘தாலவிலாசம்’ என்ற நூலைச் செய்தார். அவருடைய ஆடிப்பிறப்புப் பாடலை அறியாத பிள்ளை எமது பாடசாலைகளில் இல்லை எனலாம். அப்பாடலிலே கூழும் கொழுக்கட்டையும் வருகின்றன. தேங்காயும் பனங்கட்டியும் வருகின்றன. ஆனால் தனியொரு மனிதனின் ஏக்கம் அதிலே இல்லை. பேசுகின்ற குரல் ‘நாம்’ என்னும் குரல். தோழர்கள், அம்மா, பாட்டி எல்லோரும் கூடியிருக்கும் முற்றம் அது.

அதே புலவர் கத்தரித் தோட்டத்திலே நிற்கும் வெருளியையும் பாடியிருக்கிறார். காவற்காரன் போன்ற தோற்றம். உள்ளே ஆள் இல்லை. சிறுவர்கள் சிரித்து மகிழும் பாடல்தான். எனினும் எனக்கு அது ஒரு சிந்தனையைத் தருவதுண்டு. மனித உருவமும் மனித உடையும் மட்டும் ஒருவனை மனிதனாக்கிவிடா. வயலின் நடுவிலே நின்றாலும் வெருளிக்கு வயல் தெரியாது. ஒன்றைக் கண்டு மனம் அசையும்போதுதான் ‘நான்’ பிறக்கின்றது. இந்த அசைவையே அடுத்த தலைமுறைக் கவிஞர் ஒருவர் கவிதையின் மையமாக்கினார்.

அவர் மஹாகவி. இயற்பெயர் து. உருத்திரமூர்த்தி. 1927இல் அளவெட்டியிலே பிறந்து 1971இல், நாற்பத்து நான்கு வயதிலேயே மறைந்தார். அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர். ‘வள்ளி’ (1955), ‘குறும்பா’ (1966), ‘கண்மணியாள் காதை’ (1968), ‘கோடை’ (1970) ஆகியன அவர் வாழ்நாளிலே வெளிவந்த நூல்களுட் சில. யாப்பை அவர் கைவிடவில்லை. யாப்புக்குள்ளே யாழ்ப்பாணத்து வீட்டு வாசலிலே நின்று பேசுவது போன்ற ஓசையைக் கொண்டுவந்தார். அரசர்களையும் தேவர்களையும் பாடிக் களைத்த கவிதைக்கு, அயல்வீட்டு மனிதனைக் காட்டியவர் அவர்.

அவருடைய ‘புள்ளி அளவில் ஒரு பூச்சி’ என்ற சிறு கவிதையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். கவிதை நயத்திலே ஈடுபட்டிருக்கும் வேளை, தாளின் மேலே மிகச் சிறிய பூச்சி ஒன்று வருகின்றது. எண்ணாமற் கை படுகின்றது, பூச்சி இறந்துவிடுகின்றது. நிகழ்ச்சி இவ்வளவுதான். அதன்பின் அம்மனிதர் அந்தச் சிற்றுயிரிடம் மன்னிப்பை வேண்டுகின்றார்.

இக்கவிதையிலே இயற்கை வருணனை எங்கே இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆயினும் தமிழிலே எழுதப்பட்ட சிறந்த இயற்கைக் கவிதைகளுள் ஒன்றாக நான் இதனைக் கருதுகின்றேன். காரணம் இதுதான். படித்துக்கொண்டிருந்தவர் நல்லவர், கலையை நேசிப்பவர். அந்த நயத்தில் இலயித்திருந்த வேளையிலேதான் அவர் கை ஓர் உயிரைப் போக்கிவிட்டது. தெரிந்து செய்த குற்றமன்று, எனினும் நடந்துவிட்டது. அந்தக் கணத்திலே அவருடைய ‘நான்’ விழித்துக்கொள்கிறது. இலக்கியம் படிப்பதனால் மட்டும் மனிதன் மேம்பட்டுவிடுவதில்லை. ஒரு புள்ளியளவு உயிரின் முன்னே நாணத் தெரிந்தால்தான் மேம்படுகிறான். இதனைச் சொல்லாமற் சொல்லி முடிகிறது கவிதை.

பூச்சியிடம் மன்னிப்பு வேண்டிய அதே கவிஞர், மனிதரை மனிதர் நடத்தும் முறையையும் பாராமல் இருக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அடுத்த ஆண்டு மனிதன் சந்திரனில் இறங்கினான். ‘தேரும் திங்களும்’ என்ற கவிதையிலே மஹாகவி இந்த இரண்டு உலகங்களையும் அருகருகே வைத்தார். தேர்வடத்தைத் தொட வந்தவனைச் சாதியின் பெயரால் அடிக்கின்ற ஊர் ஒருபுறம். அவனுடைய இனத்தவனாகிய மனிதன் தொட்டுவிட்ட நிலவு மறுபுறம். சங்ககாலம் முதல் காதலுக்கும் தனிமைக்கும் துணையாக நின்ற நிலவு, இங்கே எமது சிறுமைக்குச் சாட்சியாகிவிடுகின்றது. இயற்கை எப்போதும் ஆறுதல் தரும் என்று எண்ணுவது தவறு. சில வேளைகளில் அது எம்மைக் கூண்டிலே ஏற்றும்.

மஹாகவியின் ‘புதியதொரு வீடு’ என்ற பா நாடகம் அவர் மறைந்தபின் 1989இல் நூலாக வந்தது. கடற்றொழிலாளர் ஊரொன்றின் கதை அது. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்று எல்லோரும் நம்புகின்றனர். அவன் மனைவிக்கு வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது. காலம் கடந்து அவன் திரும்பி வருகிறான். சிறு நண்டு ஈர மணலிலே கீறும் கோலத்தையும் அதனை அழிக்க வரும் கடலையும் பற்றிய புகழ்பெற்ற பாடல் இந்நாடகத்துக்குரியது. நண்டின் கோலம் நிலைக்காது என்பது கரையிலே நிற்பவருக்குத் தெரியும். தம்முடைய வீடும் அத்தகையதே என்பது கடல் பொங்கும்போதே தெரிகின்றது. திரும்பி வந்தவனுக்கு ஊர் இருக்கின்றது. அவனுடைய இடம் இல்லை. பின்னாளிலே எத்தனையோ பேர் தம் ஊருக்குத் திரும்பி நின்று உணர்ந்ததை இந்த நாடகம் முன்னரே சொல்லிவைத்தது போலத் தோன்றுகின்றது.

இனித் தீவகத்துக்குச் செல்வோம். புங்குடுதீவிலே வாழ்ந்த மு. தளையசிங்கம் (1935–1973) ஈழத்துச் சிந்தனையாளர்களுள் தனித்துவமானவர். ஆன்மிகத்தையும் சமூக மாற்றத்தையும் ஒன்றாகக் கண்டவர். 1971இல் புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிலடி நன்னீர்க் கிணற்றிலே தாழ்த்தப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்தார்; அதற்காகத் துன்பமும் அனுபவித்தார். நிலத்தடி நீருக்குச் சாதி கிடையாது, மழைக்கும் கிடையாது. ஆனால் வாளி பிடிக்கும் கையைப் பார்த்துக் கிணறு மூடப்பட்டது. தீவகத்து உவர்நிலத்திலே நல்ல தண்ணீர்க் கிணற்றின் பெறுமதியை அறிந்தவர்களுக்கே அந்த மறுப்பின் கொடுமை முழுமையாக விளங்கும். கிணற்றடியை அழகாகப் பாடிய கவிதையைப் படிக்கும்போதெல்லாம், அங்கே வர முடியாதிருந்தவர் யார் என்ற கேள்வியையும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டியுள்ளது.

தளையசிங்கத்தின் சிந்தனையால் ஈர்க்கப்பட்டவர் சு. வில்வரத்தினம். 1950இல் புங்குடுதீவிலே பிறந்தவர்; 2006இல் மறைந்தார். தம் கவிதைகளைத் தாமே இசையோடு பாடிக் கேட்போரை உருகச் செய்தவர். ‘அகங்களும் முகங்களும்’ என்ற முதல் தொகுதி 1985இல் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்திலே போரினால் தீவகத்து ஊர்கள் வெறிச்சோடின. அந்த வெறுமையிலிருந்து பிறந்தது ‘காற்றுவெளிக் கிராமம்’ (1995).

ஆளில்லாத ஊரை எவ்வாறு பாடுவது? திணை மரபின்படி முதற்பொருள் இருக்கிறது. கருப்பொருளும் ஓரளவு இருக்கிறது. உரிப்பொருளுக்குரிய மனிதர் இல்லை. தலைவி இல்லாத நெய்தல், உழவன் இல்லாத மருதம் அது. வில்வரத்தினம் அங்கே காற்றையே மாந்தராக்கினார். வீடு வீடாகச் சென்று யாரையோ தேடித் திரும்பும் காற்று அது. முன்பு புலவர் காற்றைக் கொண்டு மனிதரின் பிரிவைச் சொன்னார். இப்போது மனிதர் எல்லோரும் பிரிந்துபோக, எஞ்சிய காற்றின் தனிமையைக் கவிஞர் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டுத் திணை மரபு எமது காலத்திலே தலைகீழாகத் திரும்பிய இடம் இதுவென்று நான் கருதுகின்றேன்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நடந்தபோது நான் பள்ளிப் பிள்ளை. அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது கண்டவை இன்றும் மனதிலே நிற்கின்றன. வட்டிழந்த பனைகள், பற்றை மூடிய கிணறுகள், முற்றத்திலே நெஞ்சளவு புல். அந்த நாட்களிலே எம் வீட்டிலும் எவரும் “எவ்வளவு பசுமை!” என்று வியக்கவில்லை. பசுமை என்பது எப்போதும் மங்கலச் சொல் அன்று. ஆள் நடமாட்டம் அற்ற இடத்தின் பசுமை அச்சந் தருவது. வில்வரத்தினத்தின் கவிதைகளைப் பின்னர் படித்தபோதுதான் அந்த அச்சத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது.

இங்கே பெண் கவிஞர்களைப் பற்றிச் சொல்லாவிடின் இவ்வுரை அரைகுறையாகிவிடும். எமது கவிதை மரபிலே பெண் நெடுங்காலமாக இயற்கையாகவே இருந்தாள். நிலவு அவள் முகம். கொடி அவள் இடை. மேகம் அவள் கூந்தல். உவமைகள் அழகானவைதாம். ஆனால் நிலவு பேசுவதில்லை; கொடி தன் விருப்பத்தைச் சொல்வதில்லை. உவமையாகிவிட்டவளுக்கு ‘நான்’ என்று சொல்ல இடமில்லாமற் போயிற்று. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுப்பு இதனை மாற்றியது. சித்திரலேகா மௌனகுரு தொகுத்த அந்நூலிலே பெண்கள் தம் வாயால் தம்மைப் பற்றிப் பேசினர். தமிழ்ப் பெண் கவிதை வரலாற்றிலே அது ஒரு தொடக்கம்.

அக்குரல்களுள் ஒருவர் சிவரமணி. 1968இல் பிறந்த அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. 1991இலே இளமையிலேயே மறைந்தார். எஞ்சிய சில கவிதைகளே இன்று எம்மிடம் உள்ளன. போர்க்கால இரவுகளிலே குழந்தைகள் எவ்வாறு வளர்ந்தவர்களாகிவிடுகின்றனர் என்பதைச் சொல்லும் அவருடைய கவிதை ஒன்று உண்டு. அதிலே சிறுவர்கள் தும்பியின் சிறகைப் பிடுங்கி எறிகின்றனர். தடியைத் துவக்காகப் பிடித்துத் தோழனைக் கொல்வதாக விளையாடுகின்றனர். அதுவே அவர்களின் விளையாட்டாகிவிட்டது என்கிறது கவிதை.

மஹாகவியின் பூச்சியையும் சிவரமணியின் தும்பியையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் சிற்றுயிர்கள், இரண்டும் மனிதக் கையாற் கெடுகின்றன. முதற் கவிதையிலே கை தெரியாமற் செய்ததற்கு வளர்ந்த மனிதன் நாணுகின்றான். இரண்டாவதிலே சிறு கைகள் தெரிந்தே செய்கின்றன, நாணம் இல்லை. இந்த இரு கவிதைகளுக்கும் இடையிலே ஒரு தலைமுறைக் காலமே உள்ளது. அந்த இடைவெளியில் எமக்கு என்ன நேர்ந்தது என்பதை வரலாற்று நூல்கள் திகதிகளாலும் தொகைகளாலும் சொல்லும். ஒரு பூச்சியும் ஒரு தும்பியும் வேறொரு வகையிலே சொல்லிவிடுகின்றன. சிவரமணி அந்தச் சிறுவரைப் பழிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். காலம் அவர்களை அவ்வாறு ஆக்கிற்று என்ற துயரமே அங்கு மேலோங்கி நிற்கின்றது. இயற்கையின் மீது இரக்கம் இயல்பாக வருவதன்று. அது பேணி வளர்க்கப்பட வேண்டிய ஒன்று. அதனைப் போர் முதலில் குழந்தைகளிடமிருந்தே பறித்தது.

நிலத்தை விட்டுக் கடல் கடந்தவர்களின் ‘நான்’ வேறொரு பாதையிலே சென்றது. வ.ஐ.ச. ஜெயபாலன் 1944இல் பிறந்தவர். முன்னோர் நெடுந்தீவினர். ஆறில்லாத குடாநாட்டுத் தொடர்புடைய இக்கவிஞர், வன்னி நிலத்தூடாக மேற்குக் கடலை நோக்கிச் செல்லும் பாலி ஆற்றைப் பாடிப் புகழ்பெற்றார் என்பது சுவையான செய்தி. அவருடைய ‘நெடுந்தீவு ஆச்சிக்கு’ என்ற கவிதை, முன்னோர் வாழ்ந்த தீவை ஓர் ஆச்சியை விளிப்பது போன்ற உறவோடு பேசுகிறது. பவளக்கல் வேலிகளும் காட்டுக் குதிரைகளும் பனங்கூடல்களும் கொண்ட அத்தீவை நேரிற் கண்டவர்களுக்கு, நிலத்தை உறவுமுறை சொல்லி அழைப்பது மிகையாகத் தோன்றாது. பின்னர் அவர் நோர்வேக்குப் புலம்பெயர்ந்தார். பனிநிலத்திலே நின்று பேசும்போதும் அவர் கவிதையின் அடியிலே இந்த மண்ணே கிடந்தது.

மஹாகவியின் மகன் சேரன் 1960இல் பிறந்தவர். பின்னாளிலே கனடாவிலே பல்கலைக்கழக ஆசிரியரானவர். ‘இரண்டாவது சூரிய உதயம்’ (1983) முதலாக எழுதிவரும் அவர், 2000இல் வெளிவந்த தொகுதிக்கு ‘நீ இப்பொழுது இறங்கும் ஆறு’ என்று பெயரிட்டார். ஒரே ஆற்றிலே இருமுறை இறங்க முடியாது என்ற கிரேக்க ஞானி ஹெரக்கிளிற்றசின் கருத்தை அது நினைவூட்டுகின்றது. ஆறும் மாறிவிடும், இறங்குபவனும் மாறிவிடுவான். 2009இன் பேரழிவுக்குப் பின் வந்த அவருடைய தொகுதியின் பெயர் ‘காடாற்று’ (2011). இறந்தவரை எரித்தபின் சாம்பலைக் குளிர்வித்து எலும்பு பொறுக்கும் சடங்கை நாம் அவ்வாறு அழைக்கின்றோம். தந்தையின் கவிதையிலே கடற்கரை நண்டு கோலமிட்டது. மகனின் நூற்பெயரிலே நிலம் முழுவதுமே ஆற்றப்பட வேண்டிய சுடுகாடாகிவிட்டது.

புலம்பெயர்ந்தோர் வாழும் பனிநிலத்தை ஆறாந் திணை என்று சொல்லும் வழக்கம் இன்று உண்டு. பெயர் அழகானது. ஆயினும் ஒரு நிலம் திணையாவதற்கு அந்நிலத்து மரமும் பறவையும் அங்கே பிறந்தவர்களின் உணர்வோடு கலக்க வேண்டும். அந்தக் கவிதையைப் பனியிலே பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகளே எழுத முடியும். முதல் தலைமுறையினர் பெரும்பாலும் பனியைப் பார்த்துக்கொண்டு பனையை எழுதினர்.

இந்தத் துயரம் எமக்கு மட்டும் உரியதன்று. பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் (1941–2008) பிறந்த அல்-பிர்வா என்ற கிராமம் 1948இலே அழிக்கப்பட்டது. ஒலிவ மரமும் எலுமிச்சையும் அவர் கவிதையிலே அழகுக்காக வருவன அல்ல. அடையாள அட்டை போல வருவன. எம்.ஏ. நுஃமான் 1981இலேயே பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கி நூலாகத் தந்தார். அதே ஆண்டிலேதான் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. பிறர் நிலத்தின் துயரைத் தமிழிலே படித்த வாசகர்களுக்கு, அது தம் கதையாகவும் மாற அதிக காலம் செல்லவில்லை.

இனி, இவற்றாற் பெறப்படுவது என்ன? ‘நான்’ என்பது உடலுக்குள்ளே மட்டும் இருப்பதன்று. அது வளவிலும் வேலியிலும் கிணற்றடியிலும் பரந்து கிடக்கின்றது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியவர்களுட் பலர் இருபது, முப்பது ஆண்டுகளின் பின்னரே தம் காணியைக் கண்டனர். இன்னுங் காணாதவர்களும் உளர். எல்லை வேலிகள் அழிந்துபோன வெளியிலே நின்று, ஒரு கிணற்றைக் கொண்டும் ஒரு மரத்தைக் கொண்டும் “இதுதான் எங்கள் வளவு” என்று இனங்கண்டவர்கள் எம்மிடையே இருக்கின்றார்கள். உறுதியும் தோம்பும் சொல்ல முடியாததை அந்த மரம் சொல்லிற்று. அவர்களிடம் போய் இயற்கைக் கவிதை என்றால் வருணனை என்று எவரும் சொல்ல முடியுமா?

அதேவேளை, கவிதை எமக்கு வசதியான நினைவுகளை மட்டும் தருவதில்லை என்பதையும் மறக்கலாகாது. தேர்வடமும் கிணறும் யாருக்கு மறுக்கப்பட்டன என்பதையும் அது கேட்கின்றது. பறிகொடுத்த ஊருக்காக அழும்போது, அந்த ஊரிலே எல்லோருக்கும் இடம் இருந்ததா என்று கேட்கும் நேர்மை எமக்கு வேண்டும். மஹாகவியும் தளையசிங்கமும் விட்டுச்சென்ற பாடம் அது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் ஒரு சிறு வேண்டுகோள். இயற்கைக் கவிதை ஒன்றைக் கற்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பேசுபவர் எங்கே நிற்கிறார்? அந்த இடத்தில் நிற்க அவருக்கு உரிமை இருந்ததா? கவிதை முடியும்போது அவர் தொடக்கத்தில் இருந்த அதே மனிதரா? அணியும் நயமும் அதன் பின்னர் தாமாகவே விளங்கும். அதனோடு, கவிதையிலே வரும் கிளுவையையும் பூவரசையும் வடலியையும் பிள்ளைகளுக்கு நேரிற் காட்டிவிடுங்கள். மதில்கள் வேலிகளின் இடத்தைப் பிடித்துவிட்ட இக்காலத்திலே, சொல் தெரிந்தும் பொருள் தெரியாத தலைமுறை ஒன்று வளர்கின்றது. மரத்தைக் காணாத பிள்ளைக்குக் கவிதை வெறும் சொற்கோவையே.

நூல்கள் கிடைப்பதில்லை என்ற குறையும் இன்று பெரிதும் நீங்கியுள்ளது. இங்கு குறிப்பிட்ட கவிஞர்களின் நூல்கள் பலவற்றை, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலே எவரும் இலவசமாகப் படிக்கலாம். எரிந்த நூலகத்துக்கு எமது தலைமுறை செய்யக்கூடிய மறுமொழிகளுள் வாசிப்பும் ஒன்று. இவ்வாரம் ஒரேயொரு கவிதையைத் தேடிப் படிப்பதாயின், மஹாகவியின் பூச்சிக் கவிதையையே பரிந்துரைப்பேன். நான்கைந்து நிமிடத்தில் படித்துவிடலாம். வீட்டிலே சிறு பிள்ளை இருந்தால், அதற்கும் வாசித்துக் காட்டுங்கள்.